டிக்கோயாக் குளிரில் கோமாளி மீன்: முட்டை ஏன் வெள்ளையாகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. டிக்கோயாவில் மரக்கறித் தோட்டத்தோடு சேர்த்து கப்பி, பிளாட்டி மீன்கள் வளர்த்து விற்கிறேன். தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன் (ஒசெல்லாரிஸ்) இரண்டு சோடி கொழும்பில் வாங்கி, 200 லீற்றர் கண்ணாடித் தொட்டிகள் இரண்டில் விட்டிருக்கிறேன். ஒரு சோடி கூரை ஓட்டுத் துண்டில் முட்டை இடுகிறது. மூன்று நாளில் முட்டை வெள்ளையாகி, பிறகு காணாமல் போய்விடுகிறது. மற்றச் சோடி ஒரே அளவு, ஓயாமல் கடித்துக்கொள்கின்றன. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டரைப் பகலில் மட்டும் போடுகிறேன். விடியற்காலையில் தண்ணீர் 21 பாகை இருக்கும். மலையூற்றுப் பீலித் தண்ணீரில் கடல் மீனுக்கான உப்புப் பொடி கலக்கிறேன். கடலில் இந்த மீன் குடியிருக்கும் அனிமோன் (கடற்சாமந்தி) இல்லாததுதான் குறையா? கற்பிட்டியிலிருந்து ஒருவர் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அனிமோன் இல்லாதது குறையே இல்லை. அதை வாங்கவும் வேண்டாம். உங்கள் முட்டைகளைக் கெடுப்பது விடியற்காலை 21 பாகைதான். அதற்கு அடுத்தபடியாக நான் சந்தேகப்படுவது பீலித் தண்ணீரை.

இந்த மீன் கடலில் எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். அந்தமான் கடல் தொடங்கி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வட அவுஸ்திரேலியா வரை, அலை அடங்கிய பவளப்பாறைகளில், பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில்தான் ஒசெல்லாரிஸ் இருக்கும். ஒரு அனிமோனில் குடியேறினால் அதைச் சுற்றிச் சில மீற்றருக்குள்தான் அதன் காலம் போகும். அங்கே தண்ணீர் 26 முதல் 30 பாகை. பகலுக்கும் இரவுக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம். உங்கள் தொட்டியிலோ ஒவ்வொரு இரவும் ஐந்தாறு பாகை இறங்குகிறது. முட்டைக்குள் வளர்ச்சி தடைப்படுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆண் மீனும் மந்தமாகிறது. முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காற்றோட்டம் கொடுப்பதும், செத்த முட்டைகளை வாயால் பொறுக்கி எடுப்பதும் அதன் வேலை. விசிறல் குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையான முட்டைகளை ஆண் தின்றுவிடுவதால்தான் அவை காணாமல் போகின்றன. அது துப்புரவு வேலை, அதற்காக மீனைப் பிரிக்காதீர்கள். புதுச் சோடிகள் முதல் சில தடவை நல்ல முட்டையையும் தின்பதுண்டு. அது தானாக நின்றுவிடும்.

ஹீட்டர் இரவு பகல் ஓட வேண்டும். நாளுக்கு ஒரு பாகை வீதம் ஏற்றி 27இல் நிறுத்துங்கள். மார்கழி, தை இரவுகளில் அறை 14 பாகைக்கு இறங்கினால் 13 பாகை ஈடுகட்ட வேண்டும். அதற்கு லீற்றருக்கு 2 வொட், அதாவது 200 லீற்றருக்கு 400 வொட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே 400 வொட் ஹீட்டர் வாங்காமல் 200 வொட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதாகி அணையாமல் நின்றாலும் தொட்டி வெந்துபோகாது, எரியாமல் போனாலும் உறைந்துபோகாது. அடியிலும் மூன்று பக்கமும் ஓர் அங்குல ரெஜிபோம் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போடுங்கள். 400 வொட் பாதி நேரம் ஓடினாலே நாளுக்கு 4.8 யூனிட், மாதம் 144 யூனிட். அந்தச் செலவைக் குறைப்பது ரெஜிபோமும் மூடியும்தான். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் சுற்றி மூடிய தொட்டி மெதுவாகத்தான் ஆறும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் இலகுவாகப் பாயும் என்பதால் அந்த லைனுக்கு ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு நாளும் கை வைக்க வேண்டாம்.

குளிர்ந்த காற்றில் சூடான தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, நாள்தோறும் நல்ல தண்ணீரால் அந்தக் கோடுவரை நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. தொட்டித் தண்ணீரின் ஒப்படர்த்தி (ஹைட்ரோமீற்றர் காட்டும் எண்) 1.023 முதல் 1.025 வரை இருக்கட்டும். லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் உப்புப் பொடி தேவைப்படும். கலந்த தண்ணீரை ஒரு நாள் முழுக்கப் பம்பால் சுழலவிட்டுத்தான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும்.

மலையில் கப்பி வளர்ப்பவர்கள் பொருட்படுத்தாத ஒன்று காற்றுக் குறைவு. 27 பாகைக் கடல் தண்ணீர் கடல்மட்டத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். உங்கள் உயரத்தில், சுமார் 1,270 மீற்றரில், காற்றழுத்தம் குறைவதால் 5.6 அளவுக்கு மேல் பிடிக்காது. கப்பித் தொட்டியின் நல்ல தண்ணீர் இதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் அங்கே இந்தக் குறை தெரிவதில்லை. இங்கே ஒரு சிறு பம்பு போதாது. மேற்பரப்பு எப்போதும் கலங்கும்படி இரண்டு காற்றுக்கல் போட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் வைத்திருங்கள்.

பீலித் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மேலே தேயிலை மலை இருந்தால் கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்து மழையோடு இறங்கலாம். பெரிய மீன் ஓரளவு தாங்கும் செப்பை, குஞ்சும் குஞ்சுக்குத் தீனியாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரும் தாங்காது. தகரக் கூரை மழைத் தண்ணீரில் துத்தநாகம் இருக்கும், அதுவும் வேண்டாம். ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீரே நம்பகமானது.

அனிமோன் விஷயத்துக்கு வருகிறேன். கடலில் அந்த உறவு உண்மையிலேயே ஆழமானது. மீனின் கோழைப் படலம் அனிமோனின் கொட்டும் செல்களைத் தூண்டுவதில்லை. மீனின் கழிவு அனிமோனுக்குள் வாழும் பாசிக்கு உரமாகிறது. அனிமோனைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை இது துரத்தியடிக்கிறது. தொட்டியில் கடிக்க வரும் பகைவன் யாரும் இல்லை, உங்கள் மீன்களோ அனிமோனைக் கண்டதே இல்லை. கவிழ்த்த மண்சட்டியும் ஓடும் போதும். அனிமோனுக்குக் கடும் வெளிச்சம் வேண்டும். ஒன்று செத்தால் ஒரே இரவில் தொட்டித் தண்ணீரே நாறிப்போகும். கற்பிட்டியின் பார் ரீஃப் பவளப்பாறை 1992 முதல் சரணாலயம். 1998இல் கடல் சூடேறியபோது அங்கேயும் ஹிக்கடுவையிலும் ஆழமற்ற பவளத்தின் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. நம் கடலுக்கே உரிய கோமாளி மீன்களில் ஒன்றான கருங்கால் இனம் உலகில் இலங்கையிலும் மாலைதீவிலும்தான் உண்டு, ஒரே ஒரு வகை அனிமோனை நம்பித்தான் வாழ்கிறது. அந்த வீட்டைப் பிடுங்கி டிக்கோயாவுக்குக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியாது. தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடித்துக்கொள்ளும் சோடி: இந்த மீன் எல்லாமே முதலில் ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாகவே நிற்கும். பெண் மறுபடி ஆணாகாது. ஒரே அளவில் வளர்ந்த இரண்டையும் சேர்த்திருப்பதால் இரண்டும் பெண்ணாகியிருக்கலாம். வாயோடு வாய் கவ்வினால் அன்றே பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றோடும் அதன் பாதி அளவு குஞ்சு ஒன்றை விடுங்கள். சிறியது பெரியதின் முன் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டினால் சோடி அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

சூடு நிலைத்தபின் முட்டையை நாள்தோறும் டோர்ச் அடித்துப் பாருங்கள். முதலில் செம்மஞ்சள், மூன்றாம் நான்காம் நாள் கபிலம், பிறகு கரும்புள்ளியாகக் கண், கடைசியில் அந்தக் கண் வெள்ளிபோல் மின்னும். வெள்ளிக் கண் தெரிந்த மறுநாள் காலை ஓடு வெறுமையாக இருந்தால் யாரும் தின்னவில்லை, பொரித்த குஞ்சுகளை வடிகட்டி இழுத்துக்கொண்டது. 27 பாகையில் இது ஏழாம் எட்டாம் நாள் இருட்டியபின் நடக்கும்.

ஆகவே வெள்ளிக் கண் தெரிந்த அன்று மாலையே முட்டையுள்ள ஓட்டை, பக்கங்களைக் கறுப்புத்தாளால் மறைத்த 40 லீற்றர் தொட்டிக்கு மாற்றுங்கள். தாய்த் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, 27 பாகையில் வைத்து, முட்டையை உரசியபடி குமிழி ஏறும்படி காற்றுக்கல்லை வைத்து, விளக்கை முழுதாக அணையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பெரும்பாலும் பொரித்துவிடும். குஞ்சு 3, 4 மில்லிமீற்றர்தான். விடிந்ததும் தீனி இல்லாவிட்டால் மூன்று நாளில் எல்லாம் போய்விடும். மில்லிலீற்றருக்குப் பத்து ரோட்டிஃபர் என்றால் அந்தத் தொட்டிக்கு நான்கு இலட்சம் வேண்டும். அதனால் இரண்டு வாரம் முன்பே, 25 பாகைச் சூட்டில், இரண்டு தனி வாளிகளில் வளர்ப்பைத் தொடங்குங்கள். ஒன்று குலைந்தால் மற்றது கைகொடுக்கும். ஆறாம் நாளிலிருந்து அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சை) சிறுகச் சிறுகச் சேருங்கள். முந்திக்கொண்டு கொடுத்தால் செரிக்காமல் வயிறு வீங்கிச் சாகும். எட்டு முதல் பதினைந்தாம் நாளுக்குள் தலையில் முதல் வெள்ளைப் பட்டை விழுந்து, குஞ்சு அடித்தளத்தை நாடும். அதுவரை பிழைத்தவை பெரும்பாலும் தேறிவிடும். விற்கிற அளவுக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், இந்த வருடம் ஒரு சோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பனைக்கு முன் அனுமதி பற்றி நெக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரக்கறித் தோட்டக்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். வாரம் 20 லீற்றர் மாற்றினால் ஏறத்தாழ 700 கிராம் உப்பு வெளியே போகிறது. போஞ்சிக்கும் கரட்டுக்கும் உப்பு ஆகவே ஆகாது. அந்தத் தண்ணீரைப் பாத்திக்கோ, பாத்திக்கு மேலே ஓடும் கானுக்கோ விடாமல், தோட்டத்துக்குக் கீழ்ப்புறம், கிணறு ஊற்று எதுவும் அருகில் இல்லாத இடத்தில் குழி வெட்டி அதில் ஊற்றுங்கள்.