அப்பாவின் கால், அப்பாவின் முடிவு

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரை நோயால் பாதம் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் பிழைப்பார் என்கிறார்கள் மருத்துவர்கள். அவர் முடியாது என்கிறார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாகத்தான் இருக்கிறார். "இப்படி முடிவெடுப்பதே புத்தி சரியில்லை என்பதற்கு அடையாளம், நாமே கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொல்லிவிடலாம்" என்கிறான் தம்பி. சாகட்டும் என்று விட்டுவிடுவதா?

எம்.

அன்புள்ள எம்.,

கையெழுத்துப் போடாதீர்கள். தம்பி பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் நமக்குப் பிடிக்காத முடிவை எடுத்தாலே புத்தி சரியில்லை என்று வைத்துக்கொண்டால், நாம் சொல்வதற்குத் தலையாட்டுபவருக்கு மட்டும்தான் உரிமை என்றாகிவிடும்.

1990களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. மனச்சிதைவு நோயுடன், பலத்த காவலுள்ள மனநல மருத்துவமனையில் இருந்த ஒருவருடையது. தான் பெரிய மருத்துவர் என்றே நம்பியவர். அழுகிய காலை எடுக்க மறுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சொன்னதைப் புரிந்துகொண்டு மனதில் வைத்திருக்கிறாரா, நம்புகிறாரா, சாதக பாதகத்தை எடைபோடுகிறாரா என்றுதான் பார்த்தது. எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இனி எப்போதும் எடுக்கக் கூடாது என்று தடையும் விதித்தது. அதற்குள் வேறு சிகிச்சையில் உடனடி ஆபத்து விலகியிருந்தது உண்மை. ஆனால் தீர்ப்பு அதை நம்பி வந்ததல்ல. நோயின் பெயரே உரிமையைப் பறிக்காது என்றால், தெளிவாகப் பேசும் உங்கள் அப்பாவிடம் அதை எப்படிப் பறிப்பது?

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். வலிக்கா, மயக்க மருந்துக்கா, பிறர் தயவில் வாழ்வதற்கா? செயற்கைக் காலோடு நடக்கலாம் என்பதை யாராவது அவரிடம் பொறுமையாகச் சொன்னார்களா? ரத்த ஓட்டத்தைச் சரிசெய்து குறைவாக வெட்ட வழி உண்டா என்று மருத்துவரிடம் அவர் முன்னாலேயே கேளுங்கள். மன அழுத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அது மறுப்பின் வேராக இருக்கலாம். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். கெஞ்சலாம், சண்டை போடலாம், அழலாம். பொய் சொல்லவும் ஏமாற்றவும் கூடாது.

ஒன்று மட்டும் அவசரம். தொற்று ரத்தத்தில் பரவினால் நினைவு குழம்பும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை, தெளிவாக இருக்கும்போதே மருத்துவர் முன்னிலையில் அவரே எழுதித் தரட்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் சொல்லுங்கள்.

மாறாவிட்டாலும், அறுவைச் சிகிச்சையை மறுத்தவர் மருத்துவத்தையே மறுத்தவர் ஆகிவிட மாட்டார். வலி தணிக்கவும் புண்ணைப் பார்க்கவும் மருத்துவர்களுக்குக் கடமை உண்டு. அதற்கான ஏற்பாட்டை இன்றே கேளுங்கள்.