பொடிக்கு வைத்த பெயர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மதுரையில் 2019 முதல் முருங்கைக்கீரை இட்லிப் பொடி தயாரித்து, நானே வைத்த பெயரில் விற்று வருகிறேன். லேபிளைத் தெரிந்த ஓவியர் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு வரைந்து தந்தார். என்னிடம் சரக்கெடுத்து வந்த மொத்த வியாபாரி, இப்போது அதே பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்து, அது சென்ற மாதம் டிரேட்மார்க் இதழிலும் வெளியாகிவிட்டது. இனி அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்கிறார். இந்தப் பொடி என் யோசனை. காப்புரிமை வாங்கி அவரைத் தடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, காப்புரிமை (பேடன்ட்) உங்களுக்குக் கைகொடுக்காது. பொருள்களை வெறுமனே கலந்து செய்யும் கலவையையும், வழிவழியாக வந்த அறிவையும் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமையும் (காப்பிரைட்) இல்லை. செய்முறையை வெளியே சொல்லாதிருப்பதும், வேலைக்கு வருபவர்களிடம் இரகசியம் காப்பதாக எழுதி வாங்குவதுமே அதற்குரிய காப்பு.

பெயரைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலுவானது. ஒருவர் பதிவே பெற்றிருந்தாலும், அவருடைய பயன்பாடு, பதிவு இரண்டில் முந்தியது எதுவோ அதற்கும் முன்பிருந்து அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை அவர் தடுக்க இயலாது என்கிறது 1999-ஆம் ஆண்டு வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 34-ஆம் பிரிவு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் வரும் உரிமையைவிட மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அவர் மிரட்டலுக்குப் பயந்து பெயரை மாற்றிவிடாதீர்கள். இடையில் விட்டுவிட்டால் 'தொடர்ந்து' என்ற நிபந்தனையே ஆட்டம் காணும்.

இப்போது உங்களுக்கு முக்கியம் கெடு. இதழில் வெளியான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் டி.எம்-ஓ படிவத்தில் எதிர்ப்பு மனுத் தாக்கல் செய்தாக வேண்டும். இதை நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. இணையவழியில் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள்களின் வகைப்பிரிவுக்கு) 2,700 ரூபாய். மனுவின் நகல் கிடைத்த 2 மாதங்களுக்குள் அவர் எதிருரை தரத் தவறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதப்படுவார். கெடுவைத் தவறவிட்டாலும், பதிவை நீக்கக் கோரி 57-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அது நீண்ட, செலவு மிகுந்த வழி. எதிர்ப்போடு நிறுத்தாமல், உங்கள் பெயரிலும் 30-ஆம் வகுப்பில் விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். அதில் 2019 முதல் பயன்பாடு என்று குறிப்பிட்டு, ஆதாரங்களுடன் உறுதிமொழிப் பத்திரமும் இணைக்க வேண்டும்.

வழக்கின் உயிர் அந்த ஆதாரங்களில்தான் இருக்கிறது. நான் முதலில் கேட்பது, உறை அச்சடித்த அச்சகத்தின் பழைய பில்லைத்தான். பொடியின் பெயரும் தேதியும் மூன்றாமவர் கையால் ஒரே தாளில் பதிவாகியிருப்பது அதில்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழையும், அந்த வியாபாரி உங்களிடம் சரக்குக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயரை அறிந்தே அவர் விண்ணப்பித்தார் என்பதை அச்செய்திகள் காட்டும். நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், அவற்றுக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணங்களுக்கான சான்று தேவைப்படும் என்பதால் செல்பேசியை மாற்றிவிட வேண்டாம்.

லேபிள் ஓவியத்துக்குப் பணம் கொடுத்ததாலேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டதாக எண்ணியிருக்க வேண்டாம். ஓவியரிடம் உரிமை மாற்றத்தைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளோடும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவோடும் அந்த உரிமை நின்றுவிடும். வியாபாரி அவரை அணுகுவதற்குள் இதை முடிப்பது நல்லது.

அந்த வியாபாரியின் உறையில் வட்டத்துக்குள் 'ஆர்' குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவாகாத பெயருக்கு அக்குறியிட்டால் வணிகக்குறிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு. நீங்களும் பதிவு கிடைக்கும்வரை 'டி.எம்.' என்று மட்டும் அச்சிடுங்கள்.