அம்மாவின் சேவைக்காலப் பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் சித்தி. இப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் மாதம் 45,000 ரூபாவுக்கு வேலை செய்கிறேன். அப்பா இல்லை, அக்கா கல்யாணம் முடித்துப் போய்விட்டார். அம்மாவுக்கு 57 வயது. 31 வருடம் கொழுந்து பறித்து 2025 இல் வேலையிலிருந்து நின்றார். சேவைக்காலப் பணம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எல்லாம் சேர்ந்தால் 18 இலட்சம் வரை வரும் என்கிறார்கள். இன்னும் கைக்கு வரவில்லை. பெயரில் பிழை இருக்கிறதாம். 40,000 ரூபா தந்தால் ஒரு மாதத்தில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லி, அம்மாவின் பீ கார்டையும் (ஈபிஎஃப் அங்கத்துவ அட்டை) அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கிப் போயிருக்கிறார். பணம் வந்ததும் நான் ருமேனியா போகலாமா (ஏஜென்ட் 11 இலட்சம் கேட்கிறார்), ஆட்டோ எடுக்கலாமா, அல்லது வட்டி கூடத் தருகிற பினான்ஸ் கம்பனியில் போடலாமா? அம்மாவின் நகை ஒன்றரை இலட்சத்துக்கு அடகுக்கடையில் இருக்கிறது, 100க்கு மாதம் 3 ரூபா வட்டி.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று வழி காட்டி எது நல்லது என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பணம் உங்களுடையது இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும். தோட்டத்துத் தாய்க்கு அது கிடையாது. இனி அவர் இருக்கப்போகும் இருபது, இருபத்தைந்து வருடத்துச் சாப்பாடும் மருந்தும்தான் 18 இலட்சம் என்ற பெயரில் ஒரேயடியாக வருகிறது.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 34 வருடம் வங்கியில் வேலை செய்தேன், பாதிக்கு மேல் மலையகக் கிளைகளில். ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈபிஎஃப் பணம் கணக்குக்கு வந்து இரண்டாம் நாள் ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, நகத்தைச் சுற்றி வெடிப்பு. படிவத்தில் பெருவிரல் வைக்கும்போது மை எது, கறை எது என்று தெரியவில்லை. முழுப் பணத்தையும் எடுக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே தூணில் சாய்ந்து வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். அந்த அம்மாவை உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்துக் கேட்ட பிறகுதான் அழுதார். பணத்தை எடுத்துக் கொடுத்ததற்குப் பத்தில் இரண்டு பங்கு என்று பேச்சாம். அன்று அவரைத் தடுக்க முடிந்தது. தடுக்க முடியாமல் போனவர்களை எண்ணிச் சொல்ல முடியாது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த 40,000 ரூபாக்காரரைப் பார்த்ததும் மற்ற எதையும் விட அது எனக்கு உறுத்தியது. ஈபிஎஃப் எடுப்பதற்கு யாருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தை நிரப்பி, பீ கார்ட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் பிரதி சேர்த்துத் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்த அலுவலகம் ஹட்டன் பக்கம். பணத்தை மத்திய வங்கி நேராக அம்மாவின் கணக்குக்கு அனுப்பும். நடுவில் எவருக்கும் வேலையே இல்லை. "உள்ளே எனக்கு ஆள் இருக்கு" என்று சொல்பவரும் நீங்கள் நிற்கப்போகும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

பெயர்ப் பிழை உண்மையான பிரச்சினைதான். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மாள், அடையாள அட்டையில் செல்லம்மா, செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) செல்லமா. மலையகத்தில் பாதிக் குடும்பத்துக்கு இந்தக் கதை இருக்கிறது. இதில் எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? அந்தப் பெயரை அம்மா எழுதவில்லை. கிளாக்கர் எழுதினார், பதிவாளர் எழுதினார், அவரவர் காதில் விழுந்த மாதிரி எழுதினார்கள். 31 வருடமும் அதே பெயருக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்தார்கள், தோட்டமும் 12 சதவீதம் கட்டியது. பிடிக்கும்போது யாருக்கும் பெயர் பிழையாகத் தெரியவில்லை. கொடுக்கும்போது மட்டும் ஒரு எழுத்து கண்ணை உறுத்துகிறது. அதைத் திருத்த அந்த வயதான பெண்தான் பஸ் ஏறி ஏறி அலைய வேண்டும். சிங்களத்தில் ஒரு படிவத்தைக் கையில் திணித்து "அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். தமிழில் படிவம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

திருத்துவதற்கு இரண்டு காகிதம் முக்கியம். ஒன்று, இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னால் முடிக்கும் சத்தியக்கடதாசி. இரண்டு, அதையே உறுதிப்படுத்தித் தோட்ட ஆபிஸ் தரும் கடிதம். அப்புறம், தோட்டம் கம்பனி கைமாறியிருந்தால் அம்மாவுக்கு ஈபிஎஃப் இலக்கம் இரண்டு இருக்கலாம். பழைய இலக்கத்தையும் தேடி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பகுதிப் பணம் அங்கேயே கிடக்கும். ஈடிஎஃப்புக்கு விண்ணப்பம் வேறு. ஒன்று கொடுத்தால் மற்றது தானாக வராது.

சேவைக்காலப் பணம் தோட்டம் தர வேண்டியது. இதற்கும் ஈபிஎஃப்புக்கும் சம்பந்தமே இல்லை, பெயர்ப் பிழை முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இதைச் சட்டத்தில் பணிக்கொடை என்பார்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அம்மா நிற்கும்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. 14 நாளுக்கு 18,900. அதை 31 ஆல் பெருக்கினால் 585,900 ரூபா. தோட்டம் சொல்லும் தொகை இதற்குக் குறைந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், பிந்தினால் மேலதிகமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதும் சட்டம். "காசு இல்லை, துண்டு துண்டாகத் தருகிறோம்" என்றால் தொழில் அலுவலகத்தில் எழுதி முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். சங்கத் தலைவர் பேசி முடிப்பார் என்று வாயால் சொன்னதை நம்பி உட்கார்ந்தால் ஒரு வருடம் போய்விடும்.

சரி, பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் பெயரில் மட்டும் போடுங்கள். உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம், பின்னுரித்தாளராக (அம்மாவுக்குப் பிறகு பணத்தைப் பெறுபவராக) மட்டும் எழுதுங்கள். நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகும், கடன் வரும், ஒரு சிநேகிதன் பிணை கேட்பான். அப்போது கூட்டுக் கணக்கில் கிடக்கும் பணம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

எங்கே போடுவது? பினான்ஸ் கம்பனி வேண்டாம். இரண்டு, மூன்று சதவீதம் கூட வரும் என்பதற்காக அம்மாவின் முழு உழைப்பையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். 2020 இல் தி பினான்ஸ் என்ற கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தது, ஈ.டி.ஐ. என்ற கம்பனியின் வியாபாரத்தை இடைநிறுத்தியது. அங்கே போட்டவர்களும் கூடிய வட்டியைப் பார்த்துத்தான் போட்டார்கள். வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைக்கும்தான். தேசிய சேமிப்பு வங்கியில் போடும் பணத்துக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. அம்மாவுக்கு அது போதும். மாதாமாதம் வட்டி கணக்குக்கு வரும்படி நிலையான வைப்பாகப் போடுங்கள்.

15 இலட்சத்தை 8 சதவீதத்தில் வைத்தால் வருடத்துக்கு 120,000, மாதம் 10,000 ரூபா. வட்டிவீதம் ஏறும், இறங்கும். கணக்கு விளங்குவதற்காகத்தான் 8 என்று எடுத்தேன். இதில் இன்னொரு விஷயம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதத்தை வரியாக வங்கியே கழிக்கிறது. வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைவாக வருமானம் உள்ளவர் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது மாதம் 1,000 ரூபா, ஒரு மாத்திரைச் செலவு. இதைப் பல வங்கிகளில் தாங்களாகச் சொல்லவே மாட்டார்கள். வரி கட்டத் தேவையில்லாத ஏழைதான் தேடி வந்து படிவம் நிரப்ப வேண்டும் என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கை வைக்கக்கூடாது என்றேன். ஒரு இடத்தில் வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். அது நகை. 100க்கு மாதம் 3 ரூபா என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 4,500, வருடம் 54,000. அதே ஒன்றரை இலட்சத்தை வைப்பில் போட்டால் வருடம் 12,000 தான் வரும். அதாவது 12,000 ரூபாவை ஆசைப்பட்டு 54,000 ரூபாவைக் கொடுக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் பலர் வைப்பை உடைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்து நகையை ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். "முதலைத் தொடக்கூடாது" என்ற நல்ல பழக்கமே இந்த இடத்தில் மட்டும் கெடுதல் செய்கிறது. ஆகவே பணம் வந்த கிழமையே, வைப்புப் போடுவதற்கு முன்னால், நகையை மீட்டுவிடுங்கள். மீட்கும்போது அம்மாவைக் கூட்டிப் போங்கள். அடகுச் சீட்டில் எழுதிய எடையையும் கையில் தரும் எடையையும் ஒத்துப் பாருங்கள். ஏறிய வட்டி எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். மீட்ட நகை வீட்டு அலுமாரிக்குப் போனால் போதும், திரும்ப அடகுக்குப் போகக்கூடாது. தீபாவளிக்கு, திருவிழாவுக்கு என்று மறுபடி வைத்தால் இவ்வளவு கணக்கும் வீண். ஆபத்துக்கு என்று ஒரு இலட்சத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டால் அந்தத் தேவை வராது.

ருமேனியா. போகக்கூடாது என்று சொல்லவில்லை, நல்லபடி போய் வீடு கட்டியவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் 11 இலட்சம் கேட்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உள்ள முகவரா, அல்லது அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரா? 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, முகவர் நிலையத்தின் பெயரையும் அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற வார்த்தை வாயில் வந்தால் அதோடு எழும்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அம்மாவின் காசில் போகாதீர்கள்.

ஆட்டோவும் அப்படித்தான். நோர்வூட் ஸ்டாண்டில் நிற்கிற வரிசையை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உங்கள் எதிர்காலத்துக்கு வருகிறேன், அதுதான் எனக்கு அதிகம் முக்கியம். புறக்கோட்டைக் கடையில் உங்களுக்கு ஈபிஎஃப் பிடிக்கிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 45,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 3,600, முதலாளி பங்கு 5,400. மாதம் 9,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். பத்து வருடத்துக்கு வட்டி இல்லாமலே 10 இலட்சத்து 80 ஆயிரம். அம்மாவின் பணத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நீங்கள் இதை விட்டுவிட்டீர்கள். சம்பளச் சிட்டை கேளுங்கள். தர மறுக்கிற கடையில் சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கிறது என்பதற்காக இளமையைப் போக்காதீர்கள், வேறு இடம் தேடுங்கள்.

வர்த்தகம் படித்த பிள்ளை துணி மடித்துக்கொண்டிருப்பது எனக்கு மனசு கேட்கவில்லை. ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இரவு வகுப்போ, ஞாயிறு வகுப்போ, ஒன்றில் சேருங்கள். அதற்கு முன்னால் கடையிலேயே கணக்குப் பக்கம் போக முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பில் போடுவது, ஸ்டொக் எடுப்பது, வங்கிக்குப் போவது, எதுவானாலும் சரி. இரண்டு வருட அனுபவமும் ஒரு சான்றிதழும் கையில் இருந்தால் கணக்குக் கிளாக் வேலைக்குத் தைரியமாக விண்ணப்பிக்கலாம். நான் தொடங்கியதும் கிளாக்காகத்தான். ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், சிங்களத்தில் எழுதவும் பழகுங்கள். தவணைக்குப் போன் வாங்காமல் மாதம் ஐயாயிரமாவது உங்கள் சொந்தக் கணக்கில் போடுங்கள். ருமேனியாவோ ஆட்டோவோ, அந்தக் காசு சேர்ந்த பிறகு பேசலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு ஊருக்குப் போங்கள். அந்த 40,000 ரூபாக்காரரிடம் அம்மாவின் பீ கார்டையும் பிரதியையும் திருப்பி வாங்குங்கள். வெற்றுத் தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். தரவில்லை என்றால் பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு, அந்த முறைப்பாட்டின் பிரதியோடு திங்கட்கிழமை காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். எட்டரைக்கு முன்னாலேயே போய்விடுங்கள், பிந்தினால் வரிசை நீண்டுவிடும்.