ஜாய்ஸ்டிக்கை கழட்டுறதுக்கு முன்னாடி

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல கிரேன், பூம் லிஃப்ட், ரீச் ஸ்டேக்கர்னு தூக்குற மெஷின் ஜாய்ஸ்டிக் பத்திதான் இருக்கு, அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, 50 டன் டெலஸ்கோப்பிக் கிரேன் ஓட்டுறேன். திடீர்னு ஹூக் இறங்குது, ஏற மாட்டேங்குது. பூம் தூக்குது, இறக்க மாட்டேங்குது. ஸ்லூ (சுத்துறது) நல்லா இருக்கு. வலது ஜாய்ஸ்டிக் போயிடுச்சு, புதுசு வாங்கணும்னு மெக்கானிக் சொல்றார். வாங்க சொல்லலாமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: வேணாம் தம்பி, ஓனர்கிட்ட இன்னும் ரெண்டு நாள் டைம் கேளுங்க. நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. ஹூக் ஏத்துறது, பூம் இறக்குறது, ரெண்டும் ஆபத்தான பக்கம், அது ரெண்டு மட்டும் நிக்குது, எதிர் பக்கம் ரெண்டும் வேலை செய்யுது. ஒரு ஜாய்ஸ்டிக் கெட்டுப்போனா இப்படி ஆபத்தான பக்கமா பாத்து பாத்து சாகாது. இப்ப பூமை நீட்டி பாருங்க, நீட்ட மாட்டேங்குது ஆனா உள்ள இழுக்குதுன்னா சந்தேகமே வேணாம், கிரேனோட சேஃப்டி கட் ஆஃப்தான் உங்களை நிறுத்தி வச்சிருக்கு.

அதுல ரெண்டு ஆள் இருக்காங்க. ஒண்ணு எல்எம்ஐ, லோடை கணக்கு பாக்குற கம்ப்யூட்டர், லோடும் ரேடியஸும் (கிரேன் நடுவுல இருந்து லோடு வரைக்கும் தூரம்) லோடு சார்ட்டை தாண்டுதுன்னு அது நினைச்சா நிறுத்தும். லோடே இல்லாம நிறுத்துதுன்னா முதல்ல செட்டிங்கை பாருங்க, ரோப் எத்தனை ஃபால் (ஹூக்கை எத்தனை மடிப்பு ரோப் தாங்குது), அவுட்ரிகர் (பக்கவாட்டு கால்) முழுசா நீட்டுனதா பாதியா, கவுன்டர்வெயிட் எவ்ளோ, இதுல ஏதாவது ஒண்ணை முந்தின ஷிஃப்ட் ஆள் மாத்தி வச்சிட்டு போயிருப்பார், அடிக்கடி நடக்குறதுதான். இன்னொண்ணு பூம் நுனில வெயிட் தொங்குற ஏ2பி (ஆன்டி டூ பிளாக்) சுவிட்ச். ஹூக் பிளாக் மேல வந்து அந்த வெயிட்டை தூக்குனா சுவிட்ச் மாறி ஹாயிஸ்ட் நிக்கணும், அதான் அதோட வேலை. ஆனா வெயிட் செயின் மாட்டிக்கிட்டாலும், சுவிட்ச்ல தண்ணி போனாலும், பூம் பக்கத்துல ஓடுற கேபிள் ரீல் வயர் உள்ள அறுந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஹூக் மேல முட்டுன மாதிரியேதான் தெரியும், வயர் அறுந்தா நிக்கணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. பூமை முழுசா உள்ள இழுத்து கீழ இறக்கி (அதுக்குன்னு இருக்குற சாவி சுவிட்ச்சை, லோடு இல்லாம, சூப்பர்வைசர் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் போட்டு) நுனில கப்ளரை (வயர் இணைப்பை) கழட்டி மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி பாருங்க, வெயிட் தொங்குறப்ப ஒரு மாதிரியும் தூக்குறப்ப வேற மாதிரியும் காட்டணும். அது சரின்னா ரீல் வயரும், சுத்துற இடத்துல கரன்ட்டை கடத்துற ஸ்லிப் ரிங்கும்தான் மிச்சம். வெயிட்டை கயிறு போட்டு கட்டி வச்சிட்டு வேலையை முடிச்சுடலாம்னு யாராவது சொன்னா அந்த ஆளை சைட்ல வச்சுக்காதீங்க.

கேள்வி: பூம் லிஃப்ட் பாஸ்கெட்ல இருந்து இயக்குனா சில நேரம் எதுவுமே அசைய மாட்டேங்குது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஓடுது. (ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: கீழ இறங்கி கிரவுண்ட் கன்ட்ரோல்ல இயக்கி பாருங்க. அதுல நல்லா ஓடுச்சுன்னா பம்ப், வால்வு, சிலிண்டர் எல்லாம் தப்பிச்சுது, கோளாறு மேல இருக்குற பாக்ஸ்லயோ கீழ வர்ற கேபிள்லயோதான். மேல பாத்தா முதல் சந்தேகம் ஃபுட் சுவிட்ச், சிமெண்ட் தூசியும் பெயிண்ட்டும் அதுலதான் போய் அடையும். இன்னொரு விஷயம், ஜாய்ஸ்டிக்கை முன்னாடியே தள்ளி வச்சுக்கிட்டு அப்புறம் ஃபுட் சுவிட்ச்சை மிதிச்சா மெஷின் அசையாது, மிதிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னாலும் நிறைய மாடல்ல கட் ஆயிடும், காலை எடுத்துட்டு மறுபடி மிதிக்கணும். புது ஆபரேட்டர் வந்த நாள்ல இருந்து இந்த ப்ராப்ளம்னா நட்டை கழட்ட வேண்டிய அவசியமே இல்ல.

கேள்வி: ஹார்பர்ல கன்டெய்னர் தூக்குற ரீச் ஸ்டேக்கர், டிஸ்ப்ளேல ஜாய்ஸ்டிக் ஃபால்ட்னு எரர் கோடு வருது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும், அப்புறம் மறுபடி வரும். புது ஜாய்ஸ்டிக் போட்டும் அதே கோடு. (தூத்துக்குடி)

பதில்: கோடு சொல்றது எந்த சிக்னல் தப்பா வருதுன்னுதான், எந்த பார்ட் கெட்டுதுன்னு இல்ல. கோடோட கடைசில எஃப்எம்ஐன்னு (கோளாறு எந்த மாதிரின்னு சொல்றது) ஒரு நம்பர் இருந்தா அதை எழுதி வச்சுக்கோங்க, 3 வந்தா வோல்டேஜ் அதிகம், 4 வந்தா கம்மி, 2 வந்தா சிக்னல் தாறுமாறா இருக்கு, 13 வந்தா கேலிப்ரேஷன் (அளவு செட்டிங்) சரியில்ல, 9 வந்தா கேன் (CAN) லைன்ல, அதாவது ஜாய்ஸ்டிக்கும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற ரெண்டு வயர்ல, மெசேஜ் ஒழுங்கா வந்து சேரலன்னு அர்த்தம். 9ன்னா வயரைத்தான் தேடணும்.

உங்க மெஷின்ல கேன் லைன் இருந்தா மெயின் சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டு கேன் ஹை, கேன் லோ ரெண்டு வயருக்கும் நடுவுல ஓம்ஸ் வச்சு பாருங்க. 60 வந்தா நல்லது. லைனோட ரெண்டு கோடியிலயும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதான் சேந்து 60. 120 காட்டுனா ஒரு பக்கம் அறுந்திருக்கு, 40 காட்டுனா யாரோ மூணாவதா ஒண்ணை மாட்டிட்டாங்க, பூஜ்யம் கிட்ட வந்தா ஷார்ட். மீட்டரை பிடிச்சிக்கிட்டே ஆர்ம் ரெஸ்ட்டை மேல தூக்கி இறக்குங்க, கேபினை முன்ன பின்ன நகத்துற மாடல்னா அதையும் நகத்துங்க, ரீடிங் குதிச்சா அங்கதான் வயர் மடங்கி மடங்கி உள்ள அறுந்திருக்கு. வெளிய பிளாஸ்டிக் பளபளன்னு இருக்கும், உள்ள செம்பு இருக்காது.

ஜாய்ஸ்டிக் வோல்டேஜ் குடுக்குற டைப்னா வேற கதை. 5 வோல்ட் சப்ளை உள்ள போகும், நடுவுல விட்டா 2.5, ஒரு கோடிக்கு தள்ளுனா 0.5 பக்கம், மறு கோடிக்கு 4.5 பக்கம், பொதுவா இப்படித்தான், உங்க மேனுவல்ல வேற இருந்தா அதையே எடுத்துக்கோங்க. நிறைய மெஷின்ல ரெண்டு சிக்னல் வரும், ஒண்ணு ஏறுறப்ப இன்னொண்ணு இறங்கும், ரெண்டும் ஒத்துப் போகலன்னா கம்ப்யூட்டர் ஃபங்ஷனையே நிறுத்திடும். மெதுவா, ரொம்ப மெதுவா தள்ளி பாருங்க, வோல்டேஜ் எங்கயாவது தாவுதான்னு. உள்ள உரசி நகர்ற பழைய பொட்டன்ஷியோமீட்டர் டைப் நடுப்பக்கம்தான் தேயும், எப்பவும் அங்கயேதான் இருக்கு பாருங்க. காந்தத்தை வச்சு அளக்குற ஹால் சென்சார் டைப்ல உரசுறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால அதை குறை சொல்றதுக்கு முன்னாடி கப்ளர் பின்னை பாருங்க, கடல் காத்துல பச்சை புடிச்சிருக்கும்.

புது ஜாய்ஸ்டிக் போட்டும் அதே கோடுன்னு எழுதியிருக்கீங்களே, அங்க நான் முதல்ல பாக்குறது அந்த 5 வோல்ட் சப்ளை. பூம் ஆங்கிள் சென்சார், பிரஷர் சென்சார்னு நாலஞ்சு பேர் அதே 5 வோல்ட்டை பங்கு போட்டுக்குவாங்க. அதுல ஒரு சென்சார் தண்ணி குடிச்சு ஷார்ட் ஆனா எல்லாருக்கும் வோல்டேஜ் சரியும், கம்ப்யூட்டர் திட்டுறது மட்டும் ஜாய்ஸ்டிக்கை. மீட்டரை 5 வோல்ட்ல வச்சிட்டு சென்சார் கப்ளரை ஒவ்வொண்ணா கழட்டுங்க, எதை கழட்டுறப்ப வோல்டேஜ் எழுந்து நிக்குதோ அதுதான் ஆள்.

கேள்வி: காலைல வெண்ணெய் மாதிரி இருக்கு, மத்தியானம் லோடை தூக்குறப்ப ஜெர்க் அடிக்குது, லேட்டா கேக்குது. ஜாய்ஸ்டிக் சிக்னல் மீட்டர்ல சரியாத்தான் இருக்கு. (நெய்வேலி)

பதில்: சிக்னல் சரின்னா ஜாய்ஸ்டிக்கை விட்டுடுங்க, வால்வுக்கு போங்க. வால்வை தள்ளுற சோலினாய்டு காயில் செம்பு, சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம், 20 டிகிரில இருந்து 100க்கு போனா கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிடும். நல்ல கன்ட்ரோலர் அதை பாத்து கரன்ட்டை சமாளிச்சுக்கும், ஆனா பேட்டரி வோல்டேஜ் வீக்கா இருந்தாலோ எர்த் லூசா இருந்தாலோ சமாளிக்க அதுக்கு இடம் இருக்காது. அதனால வோல்டேஜை பாக்காம காயில்ல கரன்ட்டை சீரீஸ்ல வச்சு பாருங்க, காலைல ஒரு தடவை, சூடானப்ப ஒரு தடவை. கரன்ட் ரெண்டு நேரமும் ஒண்ணா இருந்து மெஷின் மட்டும் மாறுதுன்னா ஆயிலும், வால்வு உள்ள நகர்ற ஸ்பூலும்தான், எலக்ட்ரீசியனை வீட்டுக்கு அனுப்பிடலாம்.

கேள்வி: எங்க கிரேன் பழசு, ஜாய்ஸ்டிக்ல வயரே இல்ல, ஆயில் ஹோஸ்தான். அதுக்கு என்ன டெஸ்ட்? (சேலம்)

பதில்: பைலட் பிரஷர் (லிவர்ல இருந்து வால்வை தள்ளப் போற ஆயில் பிரஷர்), வேற ஒண்ணும் இல்ல. வால்வு ஸ்பூல் பக்கத்துல சின்ன கேஜ் மாட்டி லிவரை தள்ளுறப்ப பிரஷர் மெதுவா ஏறுதான்னு பாருங்க, சப்ளை பொதுவா 30, 40 பார் அளவுலதான் இருக்கும். ஏறலன்னா லிவர் பக்கம், ஏறியும் அசையலன்னா ஸ்பூல் பக்கம். ரெண்டு ஹோஸை மாத்தி மாட்டி பாக்குறதும் உண்டு, ஆனா அப்ப ஸ்லூ லிவரை தள்ளுனா பூம் ஏறும் இறங்கும், லோடு இல்லாம, சுத்தி ஆள் இல்லாம மட்டும் பண்ணுங்க.

கேள்வி: மெஷின் மேலயே வெல்டிங் பண்ணோம், அதுல இருந்து ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் செத்துப் போச்சு. (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா முதல்ல ஃபியூஸ், அப்புறம் மேல தூத்துக்குடிக்கு சொன்ன அந்த 5 வோல்ட் சப்ளை, கடைசில கன்ட்ரோலர். அடுத்த தடவை பேட்டரியையும் கன்ட்ரோலர் கப்ளரையும் கழட்டிட்டு, வெல்டிங் எர்த்தை வெல்டிங் பண்ற இடத்துக்கு பக்கத்துலயே மாட்டுங்க, பேரிங் வழியா கரன்ட் போகக்கூடாது. ஜாய்ஸ்டிக் மாத்த வேண்டி வந்தா கேலிப்ரேஷன் பண்ணாம வேலைக்கு விடாதீங்க, கையை எடுத்த பிறகும் ஹூக் மெதுவா நகருதுன்னு அடுத்த கடிதம் எழுதுவீங்க.