உதவி நாய்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, அல்லது வெறும் ஆறுதல்தானா?

உதவி நாய்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் மன ஆறுதலைத் தாண்டி ஏதேனும் செய்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவர் பார்வையை இழந்து வருகிறார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன்.

விழித்திரை நோயால் பார்வையை முழுவதும் இழந்தவள் நான். நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 1929இல் தொடங்கப்பட்டு இப்போது இம்மாநிலத்தின் மாரிஸ்டவுனில் இயங்கும் ‘தி சீயிங் ஐ’ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஹேசல் என்ற லாப்ரடாருடன் அன்றாடம் வேலைக்குச் சென்று வருகிறேன். நாய்க்கு வழி தெரியும், அது நம்மை அழைத்துச் செல்லும் என்று பலரும் நினைக்கிறார்கள். வழி என் நினைவில்தான் இருக்கிறது. எந்தத் திருப்பத்தில் திரும்புவது, எப்போது சாலையைக் கடப்பது என்பதை நானே முடிவு செய்கிறேன். கம்பம், பள்ளம், படிக்கட்டு ஆகியவற்றைக் கண்டு விலகுவதும் நிற்பதும், தான் எளிதாக நுழைந்து போகக்கூடிய தாழ்ந்த கிளை என் நெற்றியில் இடிக்கும் என்று கணித்துச் சுற்றிச் செல்வதும் அதன் பொறுப்பு.

அதைவிடப் பெரியது, தவறான கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுப்பது. எனக்கு இணையான திசையில் வண்டிகள் கிளம்பும் ஓசையை வைத்தே நான் சாலையைக் கடப்பேன். ஒருநாள் அந்த ஓசையைக் கேட்டு ‘ஃபார்வர்ட்’ (முன்னே போ) என்றேன், ஹேசல் அசையவில்லை. மறுபடியும் சொன்னபோது என் கால்களுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். ஒலியெழுப்பாத மின்சாரக் கார் ஒன்று எங்கள் முன்னே திரும்பிச் சென்றதாக அருகில் நின்றவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதை ஆறுதல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

படைவீரர்களைப் பொறுத்தவரை, இந்த வழிகாட்டி நாய்ப் பயிற்சியே அவர்களுக்காகத்தான் ஒழுங்கான வடிவம் பெற்றது: முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் கெர்ஹார்ட் ஷ்டாலிங் என்ற மருத்துவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாரிஸ்டவுன் பள்ளியில் முதல் நாய்க்கு 150 டாலர் கட்டணம் என்றால், படைவீரர்களுக்கு 1 டாலர்தான். போரின் மன அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்களுக்குத் தனியாகப் பழக்கப்படும் நாய்கள், கெட்ட கனவில் துடிப்பவரை எழுப்புகின்றன. வரிசையில் பின்னால் நிற்பவர் நெருங்காதபடி இடையில் நிற்கின்றன. மருந்துக்கும் மனநல ஆலோசனைக்கும் இவை மாற்று என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படிப் படித்துவிட வேண்டாம்.

எனக்கு ஆறாத வருத்தம் நம்மவர் இடங்களில்தான். இந்தியர்கள் நிறைய வசிக்கும் எடிசன் நகரில் ஓர் உணவகத்தில், “அக்கா, நாயை வெளியில கட்டிட்டு வாங்க, சாப்பிடுறவங்க முகம் சுளிப்பாங்க” என்றார்கள். கண்ணாடி அணிந்தவரிடம் அதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்வார்களா? அமெரிக்கச் சட்டப்படி ஊழியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. அடையாள அட்டை கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த ஊழியர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமில்லை; வீட்டுச் செல்லப்பிராணிக்கு இணையத்தில் வாங்கிய ‘உதவி நாய்’ மேலங்கியை மாட்டிக் கடைகளுக்குள் கூட்டி வருபவர்களால், முறையாகப் பழகிய நாய்களின் மீதும் சந்தேகம் விழுகிறது.

நாய் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். வெண்கோலுடன் என்னைவிட விரைவாக நடக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு அன்றாடம் உணவு, நடை, மருத்துவச் செலவு எல்லாம் உண்டு. உங்களுக்கு வேண்டியவர் முதலில் வெண்கோல் பயிற்சியை முடிக்கட்டும். தனியாக ஒரு வழியை நினைவில் வைத்து நடக்கத் தெரிந்தவருக்குத்தான் பள்ளிகள் நாயைத் தருகின்றன.