செய்தி பார்த்தால் போதுமா?

கேள்வி: புவிசார் அரசியலும் சர்வதேசப் பாதுகாப்பும் முதுகலையில் படிக்க ஆசை. தினமும் உலகச் செய்தி பார்க்கிறேன். அது போதுமா, வகுப்பில் வேறு என்னதான் நடக்கும்?

பதில்: செய்தி பார்ப்பது நல்லதுதான், ஆனால் வகுப்பில் பாதி நேரம் பழைய காகிதங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 1936-இல் கையெழுத்தான மான்ட்ரோ ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி வழியாகக் கருங்கடலுக்குள் போகும் ஜலசந்திகளில் கப்பல்கள் எப்படிச் செல்லலாம் என்று விதி வகுத்த ஒப்பந்தம் அது. கருங்கடலில் கரை இல்லாத நாட்டின் போர்க்கப்பல் அங்கே 21 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் துருக்கி அதே ஒப்பந்தத்தைக் காட்டித்தான் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு ஜலசந்திகளை மூடியது, அதிலும் சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விதிவிலக்கு. இப்படி ஒரு ஷரத்தைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு லாபம், யார் கை கட்டப்பட்டது என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்வார்கள்.

கோட்பாடும் உண்டு. ஒரு நாடு தற்காப்புக்கு என்று ஏவுகணை வாங்க, பக்கத்து நாடு பயந்துபோய் தானும் வாங்க, கடைசியில் இருவருக்குமே பாதுகாப்பு குறையும் அந்தச் சிக்கல் முதல் பருவத்திலேயே வந்துவிடும். அப்புறம் கொஞ்சம் புள்ளியியல். முடிந்தால் ரஷ்யன், அரபி, சீனம் இவற்றில் ஒன்றை இப்போதே தொடங்குங்கள், பின்னாடி நேரம் கிடைக்காது. தொலைக்காட்சி விவாதம் மாதிரி கட்சி கட்டிப் பேசும் ஆசை இருந்தால் மட்டும் இந்தப் படிப்பு சலிப்புத் தட்டும்.