ஜன்னல் உறைகிறதா? கருவியை மாற்றாதீர்கள்

கேள்வி: ஏராளமான கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்டுக்கு டிகிண்டர் என்ற ஜன்னல் அமைக்கும் கருவியில் ஒரு ஜன்னல் அமைத்தேன். ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தியதும் வேலை முடியும்வரை ஜன்னல் உறைந்துவிடுகிறது. முன்னேற்றப் பட்டையும் நகர்வதில்லை. பைசைடு என்ற இன்னொரு ஜன்னல் கருவிக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இதே அமைப்பில் பைசைடில் எழுதினால் ஜன்னல் இன்னும் அழகாக உறையும், அவ்வளவுதான்.

சாதாரண ஸ்கிரிப்ட் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். ஜன்னல் உள்ள நிரலில் மெயின்லூப் என்ற சுழற்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொடுக்கு, விசைத் தட்டல், திரையை மறுபடி வரைவது என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கவனிப்பது அதுதான். பொத்தானுக்கு நீங்கள் எழுதிய செயற்கூறும் அந்தச் சுழற்சிக்குள்ளேயே ஓடுகிறது. அது முடியும்வரை வேறு எதற்கும் முறை வராது. பட்டையின் மதிப்பை நீங்கள் மாற்றினாலும் அதை வரைய ஆளில்லை.

காத்திருக்கும் சொடுக்குகளையும் வரைதலையும் அங்கேயே கவனிக்கச் செய்யும் ‘அப்டேட்’டை இடையிடையே அழைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். வேலை பாதியில் இருக்கும்போது யாராவது மீண்டும் ‘தொடங்கு’ அழுத்தினால், அதே செயற்கூறு தனக்குள்ளேயே இன்னொரு முறை ஓடத் தொடங்கும். பெயர் மாற்றும் நிரலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மாற்றும் வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது அதே நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ஓட்டத்தில், ஓட விடுங்கள். அந்த த்ரெட் ஜன்னலின் எந்த உறுப்பையும் தொடக்கூடாது. முடிந்த கோப்புகளின் எண்ணிக்கையை ஒரு க்யூவில் (த்ரெட்டுகள் தகவல் பரிமாறும் வரிசையில்) போட்டால் போதும். மெயின்லூப் ஓடும் முதன்மை த்ரெட்டில், குறித்த நேரம் கழித்து ஒரு செயற்கூறை அழைக்கும் ‘ஆஃப்டர்’ மூலம் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை க்யூவைப் பார்த்து, இருப்பதை எடுத்துப் பட்டையை நகர்த்துங்கள். காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் பழைய நோய் திரும்பிவிடும். ‘ஆஃப்டர்’ ஒரு தடவைதான் அழைக்கும் என்பதால், வேலை முடியாதவரை அந்தச் செயற்கூறின் கடைசியில் அதை மறுபடி பதிவுசெய்ய வேண்டும். வேலை முடியும்வரை ‘தொடங்கு’ பொத்தானை முடக்கி வையுங்கள்.

கோப்பு வேலைக்கு த்ரெட் போதும். வேலை முழுக்கக் கணக்கீடாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டு காரணமாக ஜன்னல் திக்கித் திணறலாம். அப்போது தனிப் பிராசஸ்தான், அதாவது அந்த வேலையைத் தனி நிரல்போலப் பிரித்து ஓட்டுவதுதான், வழி.

பைசைடுக்கு மாற வேறு நல்ல காரணங்கள் உண்டு: பெரிய அட்டவணைகள், த்ரெட்டுகளுக்கு இடையே தானாகவே வரிசையில் சேரும் சிக்னல்கள் (ஒரு பகுதி இன்னொன்றுக்கு அனுப்பும் அறிவிப்புகள்). தோற்றம் பழையதாக இருப்பது மட்டுமே குறை என்றால், டிகிண்டரோடு வரும், நவீனத் தோற்றமுள்ள டிடிகே உறுப்புகளை முதலில் பாருங்கள். எப்படியானாலும், பெயர் மாற்றும் பகுதியை ஜன்னல் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் மாறினாலும் அதில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்காது.